வயதும் இசை ரசனையும்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் நெடுங்காலமாக இசை கற்பித்து வருகிறேன். பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரும், முன்பு என்னிடம் படித்து இன்று குடும்பஸ்தராகிவிட்டவர்களும், ஓய்வூதியம் எடுக்கும் வயதினரும் ஒரே மாதிரியான சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஏக்கம் இருக்கிறது: "இனி எனக்குப் புதுப் பாட்டு பிடிக்காதா?" பிடிக்கும் என்பதே என் பதில். அதற்கான காரணங்களைக் கீழே விரிவாகத் தருகிறேன்.

நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். புதிதாக வரும் பாடல் எதுவும் மனதில் நிற்பதில்லை. இது எல்லோருக்கும் நடப்பதா?

பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது. 1989இல் மொரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பல வயதினருக்கும் வெவ்வேறு காலத்துப் பிரபலப் பாடல்களின் துண்டுகளைப் போட்டுக்காட்டி, எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். தங்களுக்கு ஏறத்தாழ 23, 24 வயதாக இருந்தபோது வெளிவந்த பாடல்களையே சராசரியாக மக்கள் அதிகம் விரும்பினார்கள். அந்த வயதுக்கு முந்திய பாடல்களுக்கும் பிந்திய பாடல்களுக்கும் விருப்பம் படிப்படியாகக் குறைந்தது.

இதைக் கேட்டவுடன் பலர் "அப்படியென்றால் என் கதை முடிந்தது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். சராசரி என்பது உங்கள் ஜாதகம் அல்ல. 2013இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை அது ஆராய்ந்தது. இளையோர் நடுவயதினரைவிட அடிக்கடி பாட்டுக் கேட்கிறார்கள். அதுவும் பலவிதமான இடங்களில், பலவிதமான சூழல்களில் கேட்கிறார்கள். நடுவயதினர் பெரும்பாலும் தனிமையில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் இசை தங்களுக்கு முக்கியம் என்றே அவர்களும் சொல்கிறார்கள்.

உங்கள் பதினேழு வயதை நினைத்துப் பாருங்கள். புதிய படம் ஒன்றின் பாட்டு கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டது, கல்முனை பஸ்ஸில் கேட்டது, பக்கத்து வீட்டு வானொலியில் கேட்டது, ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது நண்பன் வாயிலும் கேட்டது. நீங்கள் அதைத் தேடிப் போகவில்லை. ஒரு மாதத்துக்குள் அது உடம்போடு ஒட்டிவிட்டது. இன்று அதே தரத்தில் ஒரு பாட்டு வந்தால், இரவு பதினொரு மணிக்கு, களைத்த கண்களோடு, தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில், பாதி மட்டும் கேட்டுவிட்டுத் தள்ளிவிடுகிறீர்கள். அந்தப் பாட்டுக்கு எப்படி மனதில் இடம் கிடைக்கும்? வயது பறித்தது பெரும்பாலும் கேட்கும் சந்தர்ப்பங்களை. அவற்றை மீட்க முடியும்.

பதின்ம வயதில் கேட்டவை மட்டும் ஏன் இத்தனை ஆழமாகப் பதிகின்றன?

வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரையிலான நினைவுகள் மற்றக் காலங்களைவிட அதிகமாக வரும். உளவியலாளர்கள் பல பதிற்றாண்டுகளாகக் கண்டுவரும் உண்மை இது. முதல் காதல், முதல் பிரிவு, வீட்டைவிட்டு முதன்முதலாக வெளியூர் போனது, முதல் சம்பளம் எல்லாம் அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன. பாட்டு அவற்றோடு சேர்ந்து பதிகிறது. "நான் யார்" என்று ஒரு பிள்ளை தேடுகிற வயதும் அதுவே. எந்தப் பாடகரைப் பிடிக்கும் என்பது அப்போது தன்னை அறிமுகப்படுத்தும் முறையாகவே இருக்கிறது.

மூளையின் பங்கும் உண்டு. மனதை உருக்கும் இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரப்பதை மொன்றியல் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். பதின்ம வயதில் இந்த இன்ப உணர்வுகள் மிகக் கூர்மையாக இருக்கும். 2018இல் சேத் ஸ்டீபன்ஸ் டேவிடோவிட்ஸ் என்ற தரவு ஆய்வாளர் ஸ்பொட்டிஃபை என்ற இசைச் செயலியின் தரவுகளை எடுத்துப் பார்த்தார். வளர்ந்த ஆண்களின் ரசனையை உருவாக்கியதில் 14 வயதில் வெளிவந்த பாடல்களும், பெண்களின் ரசனையில் 13 வயதில் வெளிவந்தவையும் முன்னின்றன. அவர் எடுத்துக்கொண்டவை அமெரிக்காவின் முன்னணிப் பாடல்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் நம் ஊரில் பொருத்திப் பார்க்கத் தடையில்லை. இளையராஜாவின் முதல் படம் வந்தது 1976இல். அப்போது பதினான்கு வயதாக இருந்தவர்களோடு பேசிப் பாருங்கள். ஏ. ஆர். ரஹ்மானின் முதல் படம் 1992இல் வந்தபோது பதினான்கு வயதாக இருந்தவர்களோடும் பேசிப் பாருங்கள். இரு தரப்பும் ஒரே வீட்டில் இருந்தால் சாப்பாட்டு வேளையில் விவாதம் ஓயாது.

என் இளமை போருக்குள் போனது. அக்காலத்துப் பாட்டுக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. பழக்கிக்கொள்ள வேண்டுமா, விலக வேண்டுமா?

இது பல வீடுகளில் இருக்கும் கேள்வி. வெளியில் கேட்பவர்கள் குறைவு. 1990இல் கிழக்கில் மீண்டும் போர் மூண்டபோது பதின்ம வயதில் இருந்தவர்களுக்கு, மற்ற ஊர்க்காரர்களின் "பொற்காலப் பாட்டு" என்ற பேச்சு பொருந்தாது. அவர்களுடைய பாட்டு அகதி முகாமின் வானொலியிலும், மின்சாரம் இல்லாத இரவுகளிலும், திரும்பி வராதவர்களின் குரலிலும் தங்கியிருக்கிறது. நினைவுகள் அதிகம் பதியும் வயதில் நல்லதும் பதியும், கொடியதும் பதியும்.

அந்தப் பாடல்களைக் கேட்டே ஆகவேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. வீட்டில் யாராவது போட்டால் "இதை நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க விரும்புகிறீர்கள், ஆனால் தாங்க முடியவில்லை என்றால், தனியாகக் கேட்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பகலில், குறைந்த சத்தத்தில் கேளுங்கள். தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் உளநல மருத்துவரிடம் பேசுவது நல்லது.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைமுறையினர் சிலருக்குப் புதிய இசை மற்றவர்களைவிட அதிகம் உதவுகிறது. எந்த நினைவும் ஒட்டாத ஓர் இசை அவர்களுக்குத் தேவையாக இருக்கிறது. மொழியே தெரியாத நாட்டின் பாட்டை அவர்கள் நிம்மதியாகக் கேட்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு புதிய பாட்டை எத்தனை தடவை கேட்டபின் பிடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யலாம்?

ஒரே நாளில் நான்கு தடவை கேட்பதைவிட, நான்கு வெவ்வேறு நாட்களில் ஒவ்வொரு தடவை கேளுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள். நான் மாணவர்களுக்குச் சொல்லும் அளவு இதுதான்.

இதற்கு அடிப்படை உண்டு. ரொபர்ட் ஸயன்ஸ் (Robert Zajonc) என்ற உளவியலாளர் 1968இல் காட்டியது இது: ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதாலும் கேட்பதாலுமே அதன்மீது விருப்பம் வளர்கிறது. டேனியல் பெர்லைன் என்ற இன்னோர் உளவியலாளர் இதற்கு ஓர் எல்லையை வைத்தார். முற்றிலும் புதியது மிரட்டும். முற்றிலும் பழகியது சலிக்கும். இடைப்பட்டதே அதிக இன்பம் தரும். அதனால்தான் முதல் தடவை "என்ன இது" என்று தோன்றிய பாட்டு நான்காவது தடவையில் முணுமுணுக்க வைக்கிறது. எளிய மெட்டு சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் சலிக்கும். சிக்கலான இசை மெல்லத்தான் திறக்கும், ஆனால் நெடுநாள் நிற்கும்.

மொன்றியலில் 2013இல் இன்னோர் ஆய்வு நடந்தது. பங்கேற்றவர்கள் அதுவரை கேட்டிராத பாடல்களைக் கேட்டு, அவற்றை வாங்க எவ்வளவு பணம் தருவார்கள் என்று சொன்னார்கள். மூளையின் இன்ப மையமும் ஒலியைக் கையாளும் பகுதியும் எவ்வளவு இணைந்து இயங்கினவோ, அவ்வளவுக்கு அதிக விலை சொன்னார்கள். இதுவரை நாம் கேட்ட இசையெல்லாம் அந்த ஒலிப் பகுதியில் சேர்ந்து கிடக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். புதிய பாட்டைப் பழைய அனுபவத்தை வைத்தே அளக்கிறோம். ஆகவே அதிகம் கேட்டவருக்குப் புதிய இசைக்குள் நுழையும் வாசல்களும் அதிகம். ஐம்பது வயதுக்காரருக்கு இருபது வயதுக்காரரைவிட வாய்ப்பு அதிகம் என்று நான் சொல்வது ஆறுதலுக்காக அல்ல.

இன்றைய பாட்டில் வரிகளே விளங்குவதில்லை. பாட்டின் குறையா, என் காதின் குறையா?

இரண்டும் இருக்கலாம். வயதோடு வரும் செவிக் குறைபாடு உயர்ந்த ஒலிகளிலிருந்தே தொடங்குகிறது. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் பலமாக இருப்பதால் தெளிவாகக் கேட்கும். 'ச', 'ஸ', 'த', 'ப' போன்ற மெய்யொலிகள் உயர் அதிர்வெண்களைச் சார்ந்திருப்பதால் மங்கும். சத்தம் கேட்கும், சொல் கேட்காது. வாத்தியங்கள் நெருக்கமாக இருக்கும் பாட்டில் இது இன்னும் கூடும். கல்யாண வீட்டு இரைச்சலில் எதிரில் இருப்பவர் பேசுவது விளங்கவில்லை என்றாலும் இதே காரணம் இருக்கலாம். வைத்தியசாலையில் காதைப் பரிசோதியுங்கள். "பாட்டெல்லாம் கெட்டுப்போய்விட்டது" என்று சலித்துக்கொண்டிருந்த சிலரின் பிரச்சினை அங்கே தீர்ந்திருக்கிறது.

பாட்டின் பக்கமும் குறை உண்டு. இன்று பல பாடல்களில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்கிறார்கள். காது சீக்கிரம் களைக்கிறது. தொலைபேசியின் ஒலிபெருக்கியை விட்டுச் சுமாரான ஒரு ஹெட்போனில் கேட்டாலே பாதி வித்தியாசம் தெரியும். முதல் தடவை வரிகளைக் கண்ணால் வாசித்துக்கொண்டே கேளுங்கள். அடுத்த தடவை காதே பிடித்துக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொழும்பு பஸ்ஸில் இரவு முழுவதும் இயந்திர இரைச்சலை வெல்லும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வைப்பவர்கள் இந்த அளவை மிக எளிதில் தாண்டிவிடுவார்கள்.

என் மகளுக்கு என் காலத்துப் பாட்டும் என் அப்பாவின் காலத்துப் பாட்டும் பிடிக்கின்றன. எப்படி?

உங்கள் வீட்டில் அவை ஒலித்ததால். கரோல் க்ரும்ஹன்ஸல், ஜஸ்டின் சுப்னிக் இருவரும் 2013இல் இதை ஆராய்ந்தார்கள். இருபது வயதளவில் இருந்தவர்களின் இசை நினைவில், அவர்களுடைய காலத்துப் பாட்டோடு பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுக்கும் தனி மேடு, அதாவது நினைவுகள் அதிகம் சேர்ந்திருக்கும் ஒரு காலப்பகுதி, இருந்தது. 1960களின் பாட்டுக்கும் இன்னொரு மேடு இருந்தது. பிள்ளையை வளர்க்கும் வீட்டில் எது ஒலித்ததோ அது பிள்ளைக்குள் இறங்குகிறது. அம்மம்மா சமைக்கும்போது பாடினாலும் போதும்.

ராப் பாட்டை எப்படிக் கேட்பது? பேரன் கேட்கிறான், எனக்கு அது பேச்சு மாதிரி இருக்கிறது.

மெட்டைத் தேடாதீர்கள், நடையைத் தேடுங்கள். 1973இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்களின் கொண்டாட்டங்களில் உருவான இசை இது. சொல் எந்த இடத்தில் தாளத்தில் விழுகிறது, எங்கே முந்துகிறது, எங்கே பிந்துகிறது, எதுகை எங்கே வந்து முட்டுகிறது என்பவற்றில்தான் அதன் அழகு இருக்கிறது. கூத்தில் தாளக்கட்டுச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. ஒரு மத்தளக்காரரை ராப் கேட்க வைத்துப் பாருங்கள். மெட்டுத் தேடும் பாட்டுக்காரரைவிட அவர் முதலில் தலையாட்டுவார்.

செயலிகள் தாமாகவே தரும் பாடல்களை நம்பலாமா?

தொடக்கத்துக்கு நல்லவை. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021இல் வந்தது. யூடியூப் அதற்கு மிக முன்பிருந்தே இங்கே இருக்கிறது. இவை பெரும்பாலும் ஒரே முறையில் இயங்குகின்றன. நீங்கள் கேட்பவற்றைக் கேட்கும் மற்றவர்கள் வேறு எதைக் கேட்கிறார்களோ, அதை உங்கள் முன் வைக்கின்றன. அதனால் இரண்டு குறைகள். நீங்கள் இருக்கும் இடத்தையே சுற்றிச் சுற்றி வருவீர்கள். மேலும், குறைந்த பேர் கேட்கும் இசை உங்களிடம் வந்து சேராது. மட்டக்களப்புக் கூத்துப் பாட்டைச் செயலி ஒருநாளும் முன்வந்து தராது.

சில வழிகள் எனக்குப் பலன் தந்தன. வீட்டில் எல்லோரும் ஒரே தொலைபேசியில் கேட்டால் செயலி குழம்பிவிடும். ஆளுக்கொரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். பாடகரின் பெயரைத் தேடாமல் வாத்தியத்தின் பெயரைத் தேடுங்கள்: நாதஸ்வரம், சாரங்கி, ஊட், கோரா. கோரா என்பது மேற்கு ஆபிரிக்காவின் பல தந்திகள் கொண்ட வாத்தியம். யாழைப் பற்றி வாசித்தவர்களுக்கு அதைக் கேட்டால் உடல் சிலிர்க்கும். பிடித்த பாட்டில் புல்லாங்குழல் வாசித்தவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் வேறெங்கே வாசித்திருக்கிறார் என்று போங்கள். இந்தப் பாதையில் போனவர்கள் சினிமாப் பாட்டிலிருந்து கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து ஹிந்துஸ்தானிக்கும் தாமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு புதிய இசையைக் கேட்க முடியுமா? எல்லாம் கொழும்பில்தானே நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. புதிய இசை என்றால் நேற்று வெளியானது என்று யார் சொன்னது? நீங்கள் இதுவரை கேட்காதது எதுவும் உங்களுக்குப் புதியதே. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் பிறந்து வளர்ந்து, படுவான்கரையில் விடியவிடிய நடக்கும் கூத்து ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

கூத்திலிருந்து தொடங்குங்கள். வடமோடி, தென்மோடி என்ற கூத்தின் இரு பாணிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் காது தானே வேறுபாட்டைப் பிடிக்கும். வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க்கதைகள் அதிகம்; ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும். தென்மோடியில் பாட்டுக்கு இழைவும் இழுப்பும் கூடும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, சல்லரி என்ற கைத்தாளம் சேர, கூத்தர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும் அந்த இடத்தைக் கவனியுங்கள். நடுவில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளம், சுற்றிலும் சனம். பல மாதங்கள் பழகிய பின்பே அரங்கேற்றம். பாதியில் எழுந்து போகாதீர்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் குரல்கள் பழுத்து, தாளம் உங்கள் உடம்புக்குள் வரும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோதும், பேராசிரியர் சி. மௌனகுரு அதை ஆடியும் ஆராய்ந்தும் வளர்த்தபோதும் அவர்கள் எடுத்தது இந்தக் களரியிலிருந்தே. மூலம் நமக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை பாடப்படுவதையும், அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாடலையும் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். சினிமாப் பாட்டின் நான்கு நிமிடக் கணக்குக்குப் பழகிய மனம் முதலில் அலையும். விடுங்கள், அலையட்டும். அரை மணி நேரத்தில் அந்தப் பாட்டின் நேரக்கணக்கு உங்களை இழுத்துக்கொள்ளும். பறைமேளம் ஒலிக்கும் சடங்குகளில் பறையின் நடை எப்படி மாறுகிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். அந்தக் கலைஞர்களுக்கு நாம் காட்டும் மரியாதை அவர்களின் திறமைக்கு அருகில்கூட வரவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் நாட்டார் கவி இன்னும் சில மூத்தவர்களின் வாயில் இருக்கிறது. காதலும் பிரிவும் வயல்வேலையும் நாலே அடிகளில் வந்துவிடும். றபான் என்ற கைப்பறையின் தாளமும், கோல்களைத் தட்டி ஆடும் பொல்லடியும் அங்கே கேட்கக் கிடைக்கும். மட்டக்களப்பு நகரில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் தங்கள் கொண்டாட்டங்களில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையை வாசித்து ஆடுகிறார்கள். இலங்கையின் துள்ளல் பாட்டு வகையான பைலாவின் வேர்களைத் தேடுகிறவர் அந்த இசையைக் கேட்காமல் இருக்கக் கூடாது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் 1970களில் வளர்த்த தமிழ்ப் பொப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, "இந்தத் துள்ளலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே" என்று தோன்றும்.

கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மாணவர்களின் நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும் திருவிழா நாட்களில், சாமி வெளிவீதி வரும்போது கூட்டத்தின் பின்னால் நிற்காமல் நாதஸ்வர, தவில்காரரின் பக்கத்தில் நடந்து போங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

ஐம்பதுக்குப் பிறகு வாத்தியம் பழகலாமா?

தாராளமாக. விரல்கள் மெதுவாகவே வசப்படும். பதினைந்து வயதுப் பிள்ளையோடு போட்டி போட முடியாது. ஆனால் ஒரு ராகத்தைத் தானே வாசித்துப் பார்த்தவர் அதை அதற்குப் பிறகு கேட்கும் விதமே வேறு. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார் பண்டைத் தமிழிசையையும் யாழையும் பற்றி ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, கணிதத்தையும் இயற்பியலையும் துணைக்கு வைத்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளியானது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். ஐம்பதைத் தாண்டியும் சுரங்களைத் தேடிக்கொண்டிருந்த மனிதரின் மண்ணில் இருந்துகொண்டு "வயது போய்விட்டது" என்று யாரும் என்னிடம் சொன்னால் ஏற்க மாட்டேன்.

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது தவறா?

இல்லை.

படிக்கும்போது பிள்ளை பாட்டுக் கேட்கலாமா?

கணக்குச் செய்யும்போது பழகிய வாத்திய இசை பெரும்பாலும் இடைஞ்சல் தராது. வாசிக்கும்போதும் மனனம் செய்யும்போதும் வரிகள் உள்ள பாட்டு கவனத்தைப் பிரிக்கும். புதிய பாட்டை எந்தப் பாடத்தோடும் கலக்க வேண்டாம். பாடமும் போகும், பாட்டும் போகும்.

பிள்ளைகளோடு சேர்ந்து கேட்க ஒரு முறை சொல்லுங்கள். ஒருவருக்கொருவர் ரசனை சரிவருவதில்லை.

கிழமைக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு பாட்டு. ஒருவர் தெரிந்தெடுத்ததை மற்றவர் பேசாமல் முழுதாகக் கேட்க வேண்டும். முடிந்ததும் "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள்; அதற்கு ஆம், இல்லை என்பதற்கு மேல் பதில் வராது. "எந்த இடம் காதில் நின்றது?" என்று கேளுங்கள். பிடிக்காத பாட்டிலும் ஓர் இடம் நிற்கும்: ஒரு தாளம், ஒரு சொல், பாட்டு முடியும் விதம். அடுத்த கிழமை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பெரியவர்கள் ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும். பிள்ளை கொண்டுவரும் பாட்டைக் கேட்டவுடன் "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தால் மறுகிழமை பிள்ளை வராது.

அம்மம்மாவுக்கு மறதி நோய். எங்களைக்கூட அடையாளம் தெரிவதில்லை. பாட்டுப் போடலாமா?

போடுங்கள். நீண்ட காலமாகத் தெரிந்த பாட்டை நினைவில் வைத்திருக்கும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன என்று ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015இல் கண்டார்கள். பேச்சுப் போன பின்பும் பாட்டு வரும் வீடுகள் உண்டு.

எதைப் போடுவது என்பதற்கு அவருடைய பிறந்த ஆண்டு வழிகாட்டும். 1945இல் பிறந்தவர் என்றால், 1955 முதல் 1970 வரை அவருக்கு எது கேட்கக் கிடைத்தது என்று யோசியுங்கள். இலங்கை வானொலியில் போன அக்காலத் திரைப்பாடல்கள் இருக்கும். வானொலி இல்லாத வீடாக இருந்தால் கோயிலில் பாடிய தேவாரம், கண்ணகி காவியம், தேவாலயத்தில் பாடிய கீதம், வயலில் கேட்ட கவி, தன் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு. உங்களுக்குப் பிடித்ததை அவர்மேல் திணிக்காதீர்கள். குறைந்த சத்தத்தில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு போடுங்கள். நீங்களே பாடினால் இன்னும் நல்லது. சுருதி பிசகினாலும் பரவாயில்லை. முகம் சுருங்கினாலோ பதற்றம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். எந்தப் பாட்டுக்குக் கண் மலர்ந்தது, எதற்குக் கலங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பராமரிக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும்.

வீட்டில் பழைய கசெட்டுகள் கிடக்கின்றன. எறியலாமா?

தயவுசெய்து எறியாதீர்கள். 2004 ஆழிப்பேரலையில் கல்லடி, நாவலடிக் கரையோர வீடுகள் போனபோது வீட்டோடு போனவற்றில் கசெட்டுகளும் இருந்தன. கடைகளில் வாங்கிய சினிமாக் கசெட்டுகளின் பாட்டு வேறெங்காவது கிடைக்கும். அரங்கேற்றத்தில் யாரோ பதிவு செய்த கூத்து, கல்யாண வீட்டில் பாடிய பெரியம்மாவின் குரல், சடங்கில் பாடிய காவியம் ஆகியவை அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கக்கூடும். உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அவைதாம் கிடைப்பதற்கரிய புதிய இசை.

வெப்பமும் வாவிக்காற்றின் ஈரமும் நாடாவுக்குப் பகை. பூஞ்சணம் பிடித்த நாடாவை உடனே ஓடவிட்டால் அறுந்துவிடலாம். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நல்ல நிலையில் உள்ளதை, ஓடும் பிளேயரிலிருந்து வயர் மூலம் கணினிக்கு எடுத்துப் பதிவு செய்யலாம். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். ஊரில் பாடத் தெரிந்த மூத்தவர் இருந்தால், அவர் அனுமதி பெற்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொலைபேசியை அவர் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பாடுபவரின் பெயர், ஊர், பாட்டை யாரிடம் பழகினார், திகதி ஆகியவற்றை அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். கோப்பின் பெயரிலும் அவற்றை எழுதுங்கள். "பாட்டு 1", "பாட்டு 2" என்று கிடக்கும் பதிவைப் பத்து ஆண்டுகள் கழித்து எடுப்பவருக்கு அது யாருடைய குரல் என்று தெரியாது.